பழைய ஜீப்புக்கு ரோல் பார்: ஒற்றை வளைவா, நான்கு காலா, ஆறு கால் கூண்டா?

பாளை 3பி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1968ஆம் ஆண்டில் பதிவான மஹிந்திரா சிஜே-3பி ஜீப் ஒன்று இருக்கிறது. களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டத்துக்குப் போய்வருவதற்காகத் தாத்தா வாங்கியது. கடைசிப் பத்தாண்டுகள் தொழுவத்தின் ஓரத்தில் தார்பாய்க்குள் கிடந்தது. இரண்டு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து, ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜினை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த வேலை ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்பவர்கள் நசுங்காமல் காக்கும் குழாய்ச் சட்டம்.

மூன்று பட்டறைகளில் விசாரித்தேன். முதல் பட்டறையில், 38 மி.மீ. எவர்சில்வர் குழாயை ஒற்றை வளைவாக வளைத்து, இருபுறமும் சக்கர மேடையின் (பின்சக்கரத்தை மூடி உள்ளே எழும்பி நிற்கும் பெட்டியின்) மேல் இரண்டு கால்களை ஊன்றி, மேலே நான்கு விளக்குகளை மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். இரண்டாவது பட்டறைக்காரர் அந்த வளைவிலிருந்து பின்பக்கம் இரண்டு சாய்வுக் கால்களை இறக்கி நான்கு காலாகச் செய்ய வேண்டும் என்கிறார். மூன்றாவது ஆளோ, முன்கண்ணாடிச் சட்டத்தை ஒட்டி இன்னொரு வளைவு வைத்து, இரண்டையும் தலைக்கு மேலே இணைத்து, ஆறு கால் கூண்டாகச் செய்து எல்லாவற்றையும் பாடியோடு வெல்டிங் வைத்தால்தான் உயிருக்கு உத்தரவாதம் என்கிறார்.

என் உபயோகம் இவ்வளவுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் மணிமுத்தாறு வரை ஓர் ஓட்டம், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேடுகள். பின்னால் என் பிள்ளைகள் இருவரும் உட்காருவார்கள். பழங்கால வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவும் வாங்கலாம் என்று எண்ணம். இந்த மூன்றில் எது சரி என்று அனுபவசாலிகள் சொல்ல வேண்டும்.

பேட்டை பட்டறை

தம்பி, மூன்று பேரும் உங்களிடம் குழாயின் வடிவத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். என்ன குழாய், எப்படி வளைப்பார்கள், எதன் மேல் நிறுத்துவார்கள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் குழாயைப் பார்ப்போம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் ரோல் பார் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது தண்ணீர்க் குழாயான ஜி.ஐ. பைப். மஞ்சள் பட்டை போட்டது லேசானது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது என்பது எல்லோருக்கும் தெரியும். கனத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதே தவிர, வளைந்து நெளியும் சுமையைத் தாங்குவதற்காக அல்ல. அதன் மேல் உள்ள துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் வெல்டிங் வைத்தால் இணைப்பில் பொத்தல்கள் விழும். அந்த வெண்புகையை இழுத்த வெல்டருக்கு அன்று இரவே குளிர்க் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் தலைமுறை நுரையீரலைக் கெடுத்துக்கொண்டது.

இரண்டாவது, வீட்டுக் கைப்பிடிக்குப் போடும் எவர்சில்வர் குழாய். பளபளப்பாக இருக்கும்; சுவரோ ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் விளக்குக் கம்பி. மூன்றாவதுதான் உண்மையில் வேண்டியது: தையல் இல்லாமல், குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாய். கடையில் சி.டி.எஸ். என்று கேட்டால் தருவார்கள். கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு, முன்னிருக்கைக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவரும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் வேண்டும் என்கிறது. மற்ற தாங்கிகளுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. நமக்குப் பந்தயம் வேண்டாம். ஆனால் ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிவைத்த அளவு இருக்கும்போது நாம் ஏன் குத்துமதிப்பாகப் போட வேண்டும்?

வளைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. குழாயில் மணலை அடைத்து, கேஸ் விளக்கில் பழுக்கக் காய்ச்சி வளைப்பது பழைய முறை, நானும் செய்திருக்கிறேன். குளிர்நிலையில் இழுத்ததால் அந்தக் குழாய்க்குக் கிடைத்த பலம், சிவக்கக் காய்ச்சிய இடத்தில் போய்விடும். ஆகவே மிஷினில் குளிர்நிலையிலேயே வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது, 45 மி.மீ. குழாய்க்கு 135 மி.மீ. வளைத்த இடத்தில் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தால், சப்பையான பக்கத்தின் அளவு அகன்ற பக்கத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். அதற்கும் கீழே சப்பையாகியிருந்தால் அந்தக் குழாயைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுங்கள். பந்தல் கால் போடப் பயன்படும்.

தேரிக்காட்டான்

அண்ணாச்சி மணலைப் பற்றிச் சொன்னதால் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

என்னிடம் இருப்பது மஹிந்திரா எம்எம்540 ஜீப். பூஷோ டீசல் என்ஜின். அதை வாங்கியபோதே ரோல் பாரும் சேர்ந்து வந்தது: பின்தாங்கி இல்லாத ஒற்றை வளைவு, நல்ல கனமான குழாய். தட்டினால் கோயில் மணி போலக் கேட்கும். அதை நம்பித்தான் தேரிக்குள் இறங்கினேன்.

தேரி மணலை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேகமாகப் போய்க் கவிழ்கிற இடம் அல்ல அது. சரிவில் குறுக்காகப் போகும்போது கீழ்ப்பக்கச் சக்கரம் புதையும். புதைந்த சக்கரம் பக்கவாட்டில் நகர முடியாமல் ஆப்பு அடித்ததுபோல நின்றுவிடும். மேல்பக்கம் மெல்ல எழும்பும். எங்கள் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. நானும் நண்பரும் இடுப்புப் பெல்ட் போட்டிருந்தோம். வண்டி ஒரு பக்கம் படுத்து, ஒரு கணம் யோசித்து, பிறகு தலைகீழாகத் திரும்பியது. வாயெல்லாம் செம்மணல். என் தலைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. மணல் மென்மையாக இருந்ததால் பிழைத்தோம். பாறையாக இருந்திருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது.

வண்டியை நிமிர்த்திப் பார்த்தபோது ரோல் பாரின் வளைவு வளைந்தபடியே, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. ஆனால் முழு வளைவும் நான்கு விரல் அளவு கீழே இறங்கிப் பின்னால் சாய்ந்திருந்தது. கால்களின் அடித்தகடு உள்ளங்கை அளவுகூட இல்லை. சக்கர மேடையின் மேல்தகடு அப்பளம் போல நொறுங்கி மடங்கி, அதற்குள் கால் இறங்கியிருந்தது. போல்ட்டுகளின் தலையில் பலத்தைக் காட்டும் எந்த எண்ணும் இல்லை. கீழே சாதாரண வாஷர்தான்.

அதைக் கழற்றிப் பட்டறைச் சுவரில் சாய்த்துவைத்தோம். மறுநாள் காலை, இடப்பக்க வளைவுக்குக் கீழே தரையில் ஒரு சிறு குவியல் இருந்தது. வெள்ளை மணல். தேரி மணல் சிவப்பு. இது ஆற்று மணல். யாரோ எப்போதோ குழாயை வளைக்க அடைத்த தாமிரபரணி மணல், வளைவின் உள்பக்கத்தில் பெயின்ட்டுக்கு அடியில் இருந்த மயிரிழை வெடிப்பின் வழியாக இரவு முழுவதும் ஒழுகியிருந்தது. அத்தனை ஆண்டுகளும் அந்த வெடிப்புக்குக் கீழேதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

காற்றாலை 540

நான் கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு ஆள்களை ஏற்றிச் சென்று பல ஆண்டுகள் ஜீப் ஓட்டியவன். எல்லோருக்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன்: பிள்ளைகளோடு மணிமுத்தாறு போகிறவருக்கு ரோல் பார் தேவையே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகளில் ரோல் பார் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. கதவில்லாத வாசலுக்குக் குறுக்கே ஒரு கித்தான் பட்டை மட்டும் இருந்தது. மெதுவாக ஓட்டத் தெரிந்தவனுக்கு அது போதும்.

கம்பியை மாட்டினால் அசட்டுத் தைரியம்தான் வரும். அதோடு, குண்டும் குழியுமான பாதையில் வண்டி குலுங்கும்போது அந்தக் கம்பியே பின்மண்டையில் இடிக்கும். என்னோடு வந்த ஒரு மெக்கானிக்குக் கவிழாத வண்டியிலேயே ரோல் பார் பட்டு நான்கு தையல் போட வேண்டியிருந்தது. இதற்கு என்ன பதில்?

பாளை 3பி

காற்றாலை அண்ணாச்சி சொன்னதைப் படித்த பிறகு வண்டியில் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். முதல் பட்டறை சொன்ன இடத்தில் வளைவு வந்தால் என் பின்மண்டைக்கும் அதற்கும் ஐந்து விரற்கடைதான் இருக்கும்.

கணக்கு வாத்தியார்

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பிக்கிறேன். காற்றாலை ஐயாவின் கேள்வி நியாயமானது. அதற்கான விடை டிராக்டரில் இருக்கிறது. கவிழும் டிராக்டருக்குக் கீழே சிக்கி விவசாயிகள் இறப்பதைத் தடுக்க, புதிய டிராக்டர்களில் பாதுகாப்புச் சட்டம் கட்டாயம் என்று ஸ்வீடன் 1959இலேயே விதித்தது. மடக்கக்கூடிய சட்டமுள்ள டிராக்டரோடு வரும் கையேட்டைப் பாருங்கள்: சட்டம் நிமிர்ந்திருந்தால் பெல்ட் போடு, மடக்கியிருந்தால் பெல்ட் போடாதே என்று எழுதியிருக்கும். சட்டமும் பெல்ட்டும் ஒரே கருவியின் இரு பாதிகள். பெல்ட் இல்லாத ரோல் பார் மண்டையை உடைக்கும். ரோல் பார் இல்லாத பெல்ட், கவிழ்கிற வண்டியோடு ஆளைக் கட்டிப்போடும். ஆகவே ஐயா சொல்வது பாதி உண்மை.

மெதுவாக ஓட்டினால் போதும் என்பதில் மட்டும் உடன்பட முடியவில்லை. இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் வருவது ஒரு வண்டியின் நிலைத்தன்மை எண்; அது குறையக் குறைய வண்டி எளிதில் கவிழும். சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை இருக்கும். 3பி-யின் சக்கர அகலம் ஏறத்தாழ 123 செ.மீ.; எடை மையத்தை 60 செ.மீ. உயரத்தில் கொண்டால் எண் 1.02தான் வருகிறது. ஆளும் சாமானும் ஏற ஏற அது இன்னும் குறையும். இதே குடும்பத்தைச் சேர்ந்த சிஜே-5 கவிழ்வதை 1980 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று காட்டியபோது பெரிய சர்ச்சையே எழுந்தது. ஓட்டுநரின் நிதானம் இந்த எண்ணை மாற்றாது.

இனி மூலக் கேள்விக்கு வருகிறேன். ஒற்றை வளைவையும் நான்கு கால் அமைப்பையும் கணக்கில் வைத்துப் பார்ப்போம். பட்டறை அண்ணாச்சி சொன்ன 45க்கு 2.5 குழாயின் வளைவுக் கெழு, அதாவது வளையாமல் எதிர்க்கும் திறனின் அளவு, 3,361 கன மி.மீ. எவர்சில்வர்காரர் சொன்ன 38 மி.மீ. குழாய்க்குச் சுவர் 1.6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1,598. பாதிகூட இல்லை. 50க்கு 2 குழாய்க்கு 3,480. அது மீட்டருக்கு 2.37 கிலோதான், 45க்கு 2.5 குழாயோ 2.62 கிலோ. எடையைக் குறைக்க விரும்புகிறவர் சுவரை மெலிதாக்கலாம், விட்டத்தைக் குறைக்கக் கூடாது.

ஆனால் இந்தத் தம்பிக்கு முக்கியமான எண் வேறு. தளத்திலிருந்து 1,100 மி.மீ. உயரமுள்ள, பின்தாங்கி இல்லாத ஒற்றை வளைவை, அதுவும் நல்ல 45 மி.மீ. குழாயில் செய்ததை, மேலே முன்னும் பின்னுமாகத் தள்ளினால் எவ்வளவு தாங்கும்? எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன் வரை வளையாது என்று தாராளமாகக் கொண்டாலும், இரண்டு கால்களும் சேர்ந்து 218 கிலோ விசைக்கு மடங்கத் தொடங்கிவிடும். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு 218 கிலோ! பாதையில் முன்நோக்கிப் புரண்டால் அது நாணலைப் போலச் சாயும்.

அதே வளைவுக்கு, செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில் 38க்கு 2.5 குழாயில் பின்தாங்கி வைத்தால், ஒவ்வொரு தாங்கியும் நெளிவதற்கு முன் கிடைமட்டத்தில் இரண்டே முக்கால் டன் அளவு தாங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ஐந்து டன்னுக்கும் மேல். குழாயின் எடை இரு மடங்குகூட ஆகவில்லை. பலமோ இருபத்தைந்து மடங்கு. வளைகிற சுமை அழுத்தும் சுமையாக மாறியதுதான் காரணம். பின்தாங்கியின் கால் வளைவிலிருந்து 635 மி.மீ. பின்னால் வந்தால் அந்த 30 பாகை கிடைத்துவிடும். குறுகிய 3பி-யிலும் அதற்கு இடம் உண்டு. ஆகவே ஒற்றை வளைவு என்ற பேச்சையே இத்தோடு விட்டுவிடலாம்.

தேரிக்காட்டான்

ஐந்து டன் தாங்கும் தாங்கியை நொறுங்குகிற தகட்டின் மேல் ஊன்றினால்?

கணக்கு வாத்தியார்

அதைத்தான் சொல்ல வந்தேன். குழாய் பலமடைந்தவுடன் பலவீனம் காலுக்கு இறங்கிவிடுகிறது. அது என் கணக்குக்குள் அடங்காது; பட்டறை அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும்.

பேட்டை பட்டறை

கால்தான் தம்பி எல்லாமே. வளைவு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது; காலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

எஃப்.ஐ.ஏ. விதிப்படி முதன்மை வளைவின் ஒவ்வொரு காலுக்கும் கீழே 3 மி.மீ. கனத்தில் 120 சதுர செ.மீ. வலுவூட்டத் தகடு வேண்டும்; பத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று எம்8 (8 மி.மீ.) போல்ட்டுகள், தலையில் பலத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். பின்தாங்கிக் காலுக்கு இரண்டு போல்ட்டும் 60 சதுர செ.மீ. தகடும் போதும். தளத்தகட்டுக்கு மேலே ஒரு தகடு, அடியில் ஒரு தகடு, நடுவே வண்டியின் தகடு. சக்கர மேடையின் நட்டநடுவில் ஊன்றக் கூடாது. உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி அது. முதன்மைக் கால்களைத் தளத்துக்கே இறக்கி, தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் தொப்பி வடிவ உத்தரத்தின் மேல் உட்கார வையுங்கள்.

அடுத்து, காலைப் பாடியில் நிறுத்துவதா, சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தில் நிறுத்துவதா என்று கேட்பீர்கள். ஜீப்பில் பாடி தனி, சேஸிஸ் தனி. நடுவே மெத்தைத் துண்டுகள் இருக்கின்றன. கரடுமுரடான பாதையில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், பாடி அப்படியே முறுக்காது. காலைத் தளத்தின் வழியாகத் துளைத்துச் சேஸிஸோடு இறுக்கிக் கட்டினால், ஒரே மழைக்காலத்துக்குள் கால் நுழையும் துளையைச் சுற்றித் தகடு நட்சத்திரம் போலக் கீறிவிடும். பாடியில் மட்டும் நிறுத்தினால், பெரிதாகப் புரளும்போது பாடியே சேஸிஸிலிருந்து பிய்ந்துவிடக்கூடும். நான் செய்வது இரண்டுக்கும் நடுவே: கால் பாடியில் நிற்கும், அதே இடத்துக்குக் கீழே சேஸிஸில் போல்ட் போட்ட ஒரு பிராக்கெட், நடுவே ஒரு ரப்பர் புஷ். முறுக்கத்துக்கு வழிவிடும், பிய்த்துக்கொண்டு போக விடாது.

இன்னொன்று. 3பி-யில் பெட்ரோல் டேங்க் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. டேங்கைக் கழற்றாமல் அந்த வண்டிக்குள் வெல்டிங் பொறி பறக்க விடுகிற பட்டறைக்குள் காலே வைக்காதீர்கள்.

பொதிகைச் சாரல்

எல்லோரும் ஓட்டுநரின் தலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த அண்ணன் பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைப்பதாக எழுதியிருக்கிறார். அது ஒருவர் கண்ணிலும் படவில்லையா?

எங்களிடம் எம்எம்550 இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மலைப்பக்கம் அடிக்கடி போகிறோம். முதலில் நான்கு கால் அமைப்புதான் வைத்திருந்தோம். ஒரு நாள் வண்டியின் வளைவு உச்சியிலிருந்து பின்தாங்கியின் கால்வரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, பின்னால் சக்கர மேடையின் மேல் என் மகளை உட்காரச் சொன்னேன். அவள் தோளுக்கு மேலே உள்ள முழுவதும் கயிற்றுக்கு வெளியே இருந்தது. நான்கு கால் அமைப்பு முன்னால் இருக்கும் இருவரைத்தான் காப்பாற்றும். பின்னால் பக்கவாட்டில் பார்த்தபடி உட்காரும் பிள்ளைக்குப் பாதுகாப்பும் இல்லை, பெல்ட்டும் இல்லை, பக்கத்திலேயே தலையில் இடிக்க ஒரு குழாய் மட்டும் உண்டு.

நாங்கள் கடைசியில் ஆறு கால் கூண்டு வைத்து, முதன்மை வளைவுக்குப் பின்னாலும் தலைக்கு மேல் ஒரு சட்டத்தை நீட்டி, பின்னிருக்கையை முன்நோக்கியதாக மாற்றி, அதற்கும் பெல்ட் பொருத்தினோம். இதில் குறைகளும் உண்டு. முன்கண்ணாடியைப் பழையபடி மடிக்க முடியாது. முன்கால் முழங்காலுக்கு அருகே வருகிறது. புடவையோடு ஏறி இறங்குவது ஒரு வித்தை. வண்டியின் மேல்பகுதியில் எடை கூடியது, ஓட்டும்போதே தெரிகிறது. என்றாலும் முன்வளைவு இல்லாவிட்டால், தலைகீழாகக் கிடக்கும் வண்டியைப் பின்னால் வளைவும் முன்னால் பானெட்டும் மட்டுமே தாங்க வேண்டும். 3பி-க்கு உயரமான பானெட் இருப்பது ஒரு கொடுப்பினைதான். ஆனால் அது தகடு, தூண் அல்ல.

தலைக்கு அருகே வரும் குழாய்க்கு ஏ.சி. பைப்பில் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சைச் சுற்றாதீர்கள். விரலால் அழுத்தினால் குழாய் தட்டுப்படும். பந்தயக் கார்களுக்கென்று விற்கும் கெட்டி நுரை வேறு. அது நகத்துக்கே அசையாது.

அம்பை வக்கீல்

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும் விதத்தில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வண்டியின் முன்னால் பொருத்தும் கிராஷ் கார்டுகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. உள்ளே போல்ட்டில் நிற்கும், கழற்றக்கூடிய ரோல் பாரை அதோடு ஒப்பிட முடியாது என்பது என் கருத்து. வெல்டிங் வைத்த கூண்டுக்கு அப்படி வாதாட எனக்குத் துணிவில்லை.

விண்டேஜ் பதிவு வேறு கதை. 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் செய்யப்படாத வண்டிக்குத்தான் 'விஏ' எழுத்துள்ள எண் கிடைக்கும். இங்கேதான் தம்பி கவனிக்க வேண்டும்: அந்த எண் உள்ள வண்டியை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் போன்றவற்றுக்குத்தான் சாலைக்கு வரலாம். ஞாயிறுதோறும் மணிமுத்தாறு என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஓட்ட வேண்டுமானால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவிலேயே இருங்கள்.

காற்றாலை 540

டிராக்டர் கையேடு பற்றி வாத்தியார் சொன்னதை எங்கள் ஊர் டிராக்டரில் பார்த்துவிட்டு வந்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறது; இத்தனை நாள் யாரும் படிக்கவில்லை. சரி, பெல்ட்டோடு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளைவைத் தலையிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

பாளை 3பி

அனைவருக்கும் நன்றி. கயிறு கட்டிப் பார்க்கும் யோசனையை அப்படியே செய்தேன். பழைய மின்குழாய்களை வளைத்து நான்கு கால் மாதிரி ஒன்றை வண்டிக்குள் நிறுத்தினேன். பின்னால் இளையவனை உட்காரவைத்தபோது அவன் தலை முழுவதும் வெளியே. அன்றைக்கே வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. ஆறு கால் கூண்டை வைத்தால் தாத்தாவின் வண்டி முகமே மாறிவிடும். எனக்கு மனம் வரவில்லை. ஆகவே 3பி இனி இருவர் வண்டி. நான்கு கால், குறுக்கே ஒரு மூலைவிட்டச் சட்டம், முழுக்கப் போல்ட்டில், 50க்கு 2 சி.டி.எஸ். குழாய். பிள்ளைகள் மணிமுத்தாறுக்குக் காரில் வருவார்கள். விஏ எண்ணும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கால் வரும் இடத்தைக் குறிப்பதற்காக நேற்று மாலை தளத்தின் ரப்பர் விரிப்பை உரித்தேன். மேலே பெயின்ட் கண்ணாடி போல இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே அடித்தது. பட்டறை அண்ணாச்சி சொன்ன குறுக்கு உத்தரத்தின் மேல் வரிசையாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். இடப்பக்கம் 'ணங்' என்றது. வலப்பக்கம், சரியாகக் கால் ஊன்ற வேண்டிய இடத்தில், ஈரச் சாக்கைத் தட்டியது போல 'தொப்' என்றது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கிவிட்டது. அடியில் கையை வைத்திருந்த என் மூத்தவனின் உள்ளங்கை நிறையத் துருவும் பழைய மண்ணும் கொட்டின.

பேட்டை பட்டறை

நல்லவேளை, குழாய் வாங்குவதற்கு முன் பார்த்தீர்கள். ரோல் பாரைத் தற்சமயம் மறந்துவிடுங்கள். வலப்பக்க உத்தரத்தை முழுவதும் வெட்டி எடுத்துப் பழைய அளவிலேயே புதிதாக மடித்துப் போட வேண்டும். பத்து நாள் வேலை. புதன்கிழமை கொண்டுவாருங்கள். வரும்போது டேங்கில் பெட்ரோல் நிரப்ப வேண்டாம்.

பாளை 3பி

டேங்கையும் இருக்கைகளையும் இங்கேயே கழற்றிவிட்டு, ஜீப்பை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறேன் அண்ணாச்சி.